பறித்த முதல் ஒரு மணி நேரம்: கேமரன் மலை ஸ்ட்ராபெரியை வாடாமல் காப்பது பற்றி

தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தின் நடுவிலேயே கட்டியதற்குக் காரணம் உண்டு. பறித்த கொழுந்துக்கு உயிர் இருக்கிறது. கூடையிலும் சாக்கிலும் அது மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். அமுக்கித் திணித்தால் உள்ளே சூடேறும், இலை சிவக்கும், தூளின் தரம் போய்விடும். அதனால் கொழுந்தை ஒரே நாளில் பல தடவை நிறுத்து, உடனுக்குடன் லாரியில் ஏற்றி, அன்றைக்கே வாட்டும் தொட்டிகளில் பரப்பிவிடுகிறார்கள். 1929இல் ஜே. ஏ. ரஸல் போ தோட்டத்தைத் தொடங்கிய நாள் முதல் கேமரன் மலைத் தேயிலை இந்த ஒழுங்கில்தான் நிற்கிறது. கூடையில் கொழுந்தை அமுக்கக் கூடாது என்பது தோட்டத்துப் பெண்களுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித்தர வேண்டிய பாடமில்லை.

அதே மலையில், தேயிலைச் சரிவு முடிகிற இடங்களில் பிளாஸ்டிக் கூரைகள் தொடங்குகின்றன. அவற்றுக்கு அடியில் வரிசை வரிசையாக ஸ்ட்ராபெரி. கொழுந்தைவிடப் பல மடங்கு மென்மையான பொருள் அது. ஆனால் பறித்த உடனே அதைப் பக்குவம் செய்யும் ஏற்பாடு சிறு பண்ணைகளில் அரிது. பெட்டியில் அடுக்கி, கடை முன்னால் வைத்து, வருகிறவர் வாங்கிப் போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். சிறு பழங்களை நாள்படக் காப்பது பற்றி எத்தனையோ வழிகள் பேசப்படுகின்றன: குளிர், காற்று, பூச்சு, வெந்நீர், வினிகர். அவற்றையெல்லாம் அடுக்கிப் பார்த்தால், பறித்த பிறகு வரும் முதல் ஒரு மணி நேரத்தின் பக்கத்தில் மற்றவை சிறியவை என்றே எனக்குப் படுகிறது. தேயிலைக்காரர்கள் என்றோ தீர்த்துக்கொண்ட கணக்கைப் பழக்காரர்கள் இன்னும் தீர்க்கவில்லை.

முதலில் இடத்தைப் பார்ப்போம். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரிஞ்சாங் அதற்கும் 100 மீட்டர் மேலே. பகலில் 20 முதல் 24 டிகிரி வரை வெயில் காயும், இரவில் 15 டிகிரியை ஒட்டி இறங்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். குறுகிய பகலில் பூக்கும் ஸ்ட்ராபெரி ரகங்களுக்கு இந்தப் பகலும் குளிர்ந்த இரவும் சேர்ந்து கிடைத்தால் பூப்பு ஓய்வதில்லை. தேங்காய்நார்த் தூள் நிரப்பிய பைகளில் செடி, சொட்டுக் குழாயில் உரநீர், தலைக்கு மேல் மழை தடுக்கும் கூரை. வருடம் முழுக்கப் பழம் வரும். ஆனால் ஒரே நாளில் மலைபோல் குவியாது. ஒவ்வொரு பண்ணையிலும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிடைக்கும். பெரிய குளிர்விப்பு நிலையம் கட்ட யாருக்கும் கை வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

பழத்தின் குணம் என்ன? மாம்பழமும் வாழையும் காயாகப் பறிக்கப்பட்டாலும் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருப்பதால் வீட்டில் வைத்தே பழுத்து இனிக்கும். ஸ்ட்ராபெரியிடம் அந்தச் சேமிப்பு இல்லை. காம்புப் பக்கம் வெளுத்திருக்கும்போது பறித்தால் பிறகு நிறம் ஓரளவு ஏறுமே தவிர இனிப்பு ஏறாது. செடியில் இருந்த கடைசி நிமிடத்தில் என்ன சர்க்கரை இருந்ததோ அதுதான் மொத்த கையிருப்பு. கேமரன் மலைப் பழம் புளிக்கும் என்று கீழ்நாட்டில் பரவலாகச் சொல்வார்கள். ரகமும் மேகமூட்டமும் அதற்குக் காரணம்தான். ஆனால் பயணத்துக்குத் தாங்க வேண்டும் என்று முக்கால் சிவப்பில் பறிப்பதும் ஒரு பெரிய காரணம். அந்தப் புளிப்பு மண்ணின் குற்றமில்லை. குளிர்விக்க வழியில்லாததால் பழுப்பதற்கு முன்னே பறிக்கிறார்கள்; அந்த விலையை வாங்குகிறவரின் நாக்கு கொடுக்கிறது.

பறித்த பழம் மூச்சு விடும்போது தன் சர்க்கரையைத் தானே எரிக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் அறுவடைக்குப் பிந்தைய ஆய்வு செய்கிறவர்கள் தரும் கணக்கு இது: ஒரு கிலோ ஸ்ட்ராபெரி 0 டிகிரியில் மணிக்கு 6 முதல் 10 மில்லிலிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறது, 10 டிகிரியில் 25 முதல் 50, 20 டிகிரியில் 50 முதல் 100. இந்தக் கடைசி எண்ணில் நிற்க வேண்டும். 20 டிகிரி என்பது கேமரன் மலையின் இதமான பகல். ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வருகிறவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளும் குளிர். மனித உடம்புக்கு அது குளிர். பழத்துக்கு அது வெக்கை. உறைநிலையை ஒட்டி இருந்தால் எரிவதைப் போல் பத்து மடங்கு வேகத்தில் அங்கே பழம் தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கிறது. மலைக் காற்று சில்லென்று இருக்கிறதே, பழத்துக்கு என்ன ஆகிவிடும் என்ற நம்பிக்கைதான் இந்த மலையில் மிகப் பெரிய நட்டத்தை உண்டாக்குகிறது.

ஸ்ட்ராபெரிக்குத் தோல் என்று சொல்லத் தக்க ஒன்று இல்லாததும் கேடு. நாம் தின்னும் சதை, பூவைத் தாங்கிய அடிப்பாகம் பருத்து உருண்டது. மேலே ஒட்டியிருக்கும் விதை போன்றவைதான் உண்மையான கனிகள். மேலுறை மெல்லிய படலம். தக்காளிக்கு இருப்பது போன்ற மெழுகுக் கவசம் இல்லை. ஈரம் எளிதாக ஓடிவிடும். எடையில் 6 சதவீதம் போனாலே பளபளப்பு மங்கி, காம்பு இலை சுருண்டுவிடும். அதனால்தான் குளிரோடு 90 முதல் 95 சதவீத ஈரப்பதமும் கேட்கிறார்கள். ஈரப்பதம் என்பது காற்றில் இருக்க வேண்டும், பழத்தின் மேல் தண்ணீராக நிற்கக் கூடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் பழத்தை நனைத்துக் கெடுக்கிறார்கள்.

ஏனென்றால் அங்கே பூசணம் காத்திருக்கிறது. ஸ்ட்ராபெரியை அழிப்பதில் முதலிடம் சாம்பல் பூசணத்துக்கு. பொட்ரைட்டிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். இதன் தந்திரத்தைப் புரிந்துகொள்ளாமல் பழம் காப்பது பற்றிப் பேசிப் பயனில்லை. பெரும்பாலும் அது பழத்தில் தொற்றுவதில்லை, பூவிலேயே தொற்றிவிடுகிறது. வாடிய இதழ், மகரந்தத் தாள் வழியே நுழைந்து, காய் பச்சையாக இருக்கும்வரை சத்தமில்லாமல் உறங்கும். பழுத்து, சர்க்கரை ஏறி, எதிர்ப்புச் சக்தி இறங்கியதும் விழிக்கும். நேற்று மாசுமறுவில்லாமல் வாங்கிய பழம் இன்று சாம்பல் பூத்துக் கிடப்பதைப் பார்த்து கடைக்காரரைத் திட்டுகிறோம். நோய் சில வாரங்களுக்கு முன்பே பூவில் ஏறியிருக்கும். ஒரு பழத்தில் கிளம்பினால் தொட்டுக்கொண்டிருக்கும் பழங்களுக்கும் பரவி, பெட்டிக்குள் ஒரு கூடு கட்டிவிடும்.

ஆகவே பழத்தைக் காக்கும் வேலை பறிப்பதற்கு முன்பே தொடங்குகிறது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் மலையில் கூரை இல்லாமல் ஸ்ட்ராபெரி வைப்பது பூசணத்துக்கு விருந்து வைப்பதுதான். கூரை போட்டாலும் பக்கங்களில் காற்று ஓட வேண்டும். செடிகளை நெருக்கி வைக்கக் கூடாது. பழைய இலையையும் அழுகிய பழத்தையும் பறித்து வரப்பிலேயே வீசாமல் வெளியே கொண்டுபோக வேண்டும். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் பழம் பெருக்கும், ஆனால் சதை கொழகொழத்துப்போகும். சுற்றுலாப் பயணிகள் தாங்களே பறித்துக்கொள்ளும் பண்ணைகளில், கீழே விழுந்த பழத்தையும் தொட்டுப் பார்த்து விட்டுவிட்ட பழத்தையும் மாலையில் பொறுக்கி அப்புறப்படுத்துவது ஒரு தனி வேலை. அதைச் செய்கிற பண்ணைக்கும் செய்யாத பண்ணைக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு நாள் கழித்துப் பெட்டியில் தெரியும்.

இனி அந்த முதல் மணி நேரம். விடியலில், பனி உலர்ந்ததும், வெயில் ஏறுவதற்குள் பறிக்க வேண்டும். காம்பைச் சிறிது விட்டு நகத்தால் கிள்ள வேண்டும். பழத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. விற்கப்போகும் பெட்டியிலேயே நேரடியாகப் போட வேண்டும். கலிபோர்னியாவின் பெரிய பண்ணைகளில் வயலிலேயே பெட்டி நிரம்பிவிடும்; அதன் பிறகு வாங்குகிறவர் கைதான் பழத்தைத் தொடும். நிரம்பிய பெட்டிகளை நேரே குளிர்விப்பு நிலையத்துக்கு எடுத்துப்போகிறார்கள். பெட்டி அடுக்குகளை இரண்டு வரிசையாக நிறுத்தி, நடுச் சந்தின் மேல் தார்ப்பாய் விரித்து, ஒரு முனையில் பெரிய விசிறி வைத்து உறிஞ்சுகிறார்கள். குளிர் காற்று பெட்டியின் துளைகள் வழியாகப் பழங்களுக்கு இடையே புகுந்துதான் வெளியேற முடியும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் பழத்தின் உள்ளம் 1 டிகிரிக்கு வந்துவிடும். அதே அறையில் விசிறி இல்லாமல் சும்மா வைத்தால் அரை நாள் போய்விடும். பறித்த ஒரு மணி நேரத்துக்குள் இதைத் தொடங்க வேண்டும் என்பது அங்கே விதி. தாமதம் கூடக் கூட விற்கத் தகுந்த பழத்தின் பங்கு குறைந்துகொண்டே போகும். இப்படிச் செய்து 0 டிகிரியில் வைத்தால் நல்ல பழம் ஏழு நாள் தாங்கும். பூசணம் அந்தக் குளிரிலும் சாவதில்லை. மெல்ல மெல்ல வளரும். நமக்குக் கிடைப்பது அவகாசம் மட்டுமே.

கேமரன் மலையில் இதைச் செய்ய முடியுமா? கலிபோர்னியா அளவில் வேண்டாம். சாதாரண ஏர்கண்டிஷனரை ஏமாற்றி 3 டிகிரி வரை குளிர வைக்கும் கூல்பாட் என்ற சிறு கருவி அமெரிக்காவில் சிறு விவசாயிகளிடம் பரவியிருக்கிறது. வெப்பம் புகாத பலகை அடித்த சிறு அறை, ஒரு ஏர்கண்டிஷனர், அந்தக் கருவி, தார்ப்பாய், விசிறி: நாலைந்து பண்ணைக்காரர்கள் கூடினால் தாங்கக்கூடிய செலவு. இந்தியாவில் 1980களில் பூசா வேளாண் ஆய்வுக் கழகம் மின்சாரமே இல்லாத குளிர் தொட்டி ஒன்றை உருவாக்கியது. இரட்டைச் செங்கல் சுவர், நடுவே ஈர மணல். நீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். நல்ல யோசனை, வட இந்தியாவின் வறண்ட கோடைக்கு. காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும் மலையில் நீர் ஆவியாகாது, தொட்டி குளிராது. இடம் பார்க்காமல் கடன் வாங்கும் தொழில்நுட்பம் இப்படித்தான் கைவிடும்.

மலையிலிருந்து இறங்குவது தனிக் கதை. தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ வளைந்து வளைந்து இறங்கும்போது ஒன்றரை மணி நேரத்தில் வெப்பம் 20லிருந்து 32க்குப் போகிறது. கீழ்நாட்டுக் காற்றின் பனிநிலை 25 டிகிரியை ஒட்டியது. அதற்குக் கீழே குளிர்ந்த எதன் மேலும் அந்தக் காற்று பட்டால் நீர் பூக்கும். மலையின் இயல்பான குளிரில் வந்த பழம்கூடத் தாப்பாவில் பெட்டியைத் திறந்ததும் வியர்த்துவிடும். பூசண வித்து முளைக்கத் தேவையான நீர் அதுவே. பள்ளி விடுமுறையில் ரிங்லெட்டுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையே வண்டிகள் ஊரும் நாட்களில் இந்தப் பயணம் இரண்டு மடங்காகும். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வழியாக மதுரைக்கு இறங்கும் பழத்துக்கும், நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு இறங்கும் பழத்துக்கும் இதே கதிதான். குளிர்ப்பதன வண்டி இல்லாதவர்கள் தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸ் பொதிகள் வைத்து (பழத்தின் மேல் ஐஸ் படாமல்), வழியில் திறக்காமல் கொண்டுபோனால் பாதிச் சேதம் தவிரும்.

குளிரோடு கரியமில வாயுவையும் சேர்ப்பது அடுத்த படி. பெட்டி அடுக்கின் மேல் பிளாஸ்டிக் உறை போர்த்தி, உள்ளே 10 முதல் 15 சதவீதம் வரை அந்த வாயுவைச் செலுத்தினால் பொட்ரைட்டிஸ் தளரும், சதை சற்றுக் கெட்டியாகும். அமெரிக்காவில் நெடுந்தூரம் போகும் ஸ்ட்ராபெரிக்கு இது பல காலமாக வழக்கம். கொரியாவில் ஏற்றுமதிப் பழத்துக்குக் கரியமில வாயுவோடு குளோரின் டை ஆக்சைடையும் சேர்த்துப் புகட்டுகிறார்கள். விமானம் ஏறி வரும் கொரியப் பழம் கோலாலம்பூர் பேரங்காடியில் மினுமினுக்க, 200 கிலோமீட்டர் தள்ளி விளைந்த பழம் அதன் பக்கத்தில் சோர்ந்து கிடப்பதற்கு ரகம் மட்டும் காரணமில்லை. பறித்த பின் கிடைத்த கவனிப்பும் காரணம். ஆனால் ஓர் எச்சரிக்கை: குளிர் இல்லாமல் உறை மட்டும் போட்டால் வெக்கையில் பழம் உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், பிறகு புளித்த சாராய வாடை வரும். முதலில் குளிர், பிறகுதான் வாயு.

பூச்சுகளில் அதிகம் ஆராயப்பட்டது கைட்டோசன். இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் பொருள். பழத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாக நின்று ஈரத்தைப் பிடித்துப் பூசணத்தையும் தடுக்கும். 1991இல் கனடாவின் லவால் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கட்டுரை இதில் அடிப்படையானது. அதன் ஆசிரியர் வரிசையில் எல் காவுத்துக்கு அடுத்து அருள், பொன்னம்பலம் என்ற பெயர்களைக் காணும் தமிழ் வாசகர் ஒரு கணம் நிற்பார். இறால் ஓடு கழிவாகக் குவியும் மலேசியாவில் இது யோசிக்க வேண்டிய வழி. எனினும் பூச்சுக் கரைசலில் முக்கிய பழத்தை ஒவ்வொன்றாக உலர்த்த வேண்டும். நாளைக்குச் சில கிலோ பறிக்கும் பண்ணைக்கு அந்தக் கைவேலை கட்டுபடியாகாது. வெந்நீர் வழியும் உண்டு: 52 டிகிரி நீரில் 30 வினாடி முக்கி எடுத்து உலர்த்துவது. மேலிருக்கும் பூசணத்தை அது தளர்த்தும். நேரம் தவறினால் பழம் வெந்துவிடும். வீட்டுச் சமையலறைக்கு ஏற்றது, பண்ணைக்கு அல்ல. வினிகர் கலந்த நீரில் அலசுவதும் அவ்வளவே; அதன் பின் நன்றாக உலர்த்தாவிட்டால் அலசாமலே இருந்திருக்கலாம்.

மற்றச் சிறு பழங்களுக்கு ஒரே விதி பொருந்தாது என்பதைச் சொல்லியாக வேண்டும். மல்பெரி ஸ்ட்ராபெரியைவிடவும் மோசம். கையில் எடுக்கும்போதே சாறு வடியும். அதைத் தொலைவுக்கு அனுப்ப நினைப்பதே வீண். பண்ணையிலேயே தின்ன வேண்டும் அல்லது அன்றே பாகாக்க வேண்டும். புளூபெரி வலுவானது, மேலே வெண்பொடிபோல் இருக்கும் மெழுகைத் துடைக்காமல் வைத்தால் 0 டிகிரியில் இரண்டு வாரம் நிற்கும். மலையில் ஏராளமாக விளையும் செர்ரித் தக்காளிக்கோ குளிர்தான் எதிரி. 10 டிகிரிக்குக் கீழே நாட்கணக்கில் வைத்தால் சுவை போய், புள்ளி விழுந்து அழுகும். கொடித்தோடைப் பழத்துக்கு 7 முதல் 10 டிகிரி போதும். எல்லாவற்றையும் ஒரே குளிர் அறையில் அடைக்கும் பழக்கம் ஒன்றைக் காத்து இன்னொன்றைக் கெடுக்கிறது.

விற்காத பழத்தின் கதி என்ன? மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர், சுமார் 1,370 மீட்டர் உயரத்து ஊர், இந்திய ஸ்ட்ராபெரியில் மிகப் பெரும் பங்கை விளைவிக்கிறது. 2010இல் புவிசார் குறியீடும் பெற்றது. அங்கே புதுப் பழத்துக்கு மும்பைச் சந்தை ஒரு பக்கம். 1959 முதல் பஞ்ச்கனியில் இயங்கும் மாப்ரோ போன்ற பதன நிறுவனங்கள் மறு பக்கம். பிற்பகலில் மிஞ்சிய பழத்துக்கும் விலை உண்டு என்று தெரிந்த விவசாயி, முழுச் சிவப்பு வரும்வரை பறிக்காமல் காத்திருக்கத் துணிவார். கேமரன் மலையிலும் ஜாம், ஐஸ்கிரீம், உலர்பழம் என்று விற்பனை நடக்கிறது. பெரும்பாலும் சுற்றுலாவை நம்பி, ஒவ்வொருவரும் தனித்தனிச் சட்டியில். அதையும் கூட்டாகச் செய்யலாம்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. மலையில் வாங்கிய பழத்தைக் காரின் பின் கண்ணாடிக்குக் கீழே, வெயிலில் வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் நசுங்கியதைப் பொறுக்கி எறிந்து, மிச்சத்தைக் காகிதம் விரித்த தட்டில் ஒரே அடுக்காக, குளிர்சாதனப் பெட்டியின் உட்பக்கத்தில் வையுங்கள். கதவுத் தட்டில் வேண்டாம். கழுவ வேண்டாம். தின்னும் நேரத்தில், காம்பு இலையோடு அலசி, அதன் பிறகு காம்பைக் கிள்ளுங்கள். முதலிலேயே கிள்ளினால் தண்ணீர் உள்ளே இறங்கும். மூன்று நாளுக்குள் தீராது என்று தெரிந்தால் தட்டில் பரப்பி உறைய வைத்து, கட்டியானதும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பறிக்கிற கையைப் பற்றி ஆராய்ச்சிகள் குறைவாகவே பேசுகின்றன. எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிகிறது. தேயிலையைப் போலவே பழத்திலும் எடைக்குக் கூலி என்றால் விரல் விரையும், பழம் நசுங்கும். நசுங்கிய இடம் அன்று தெரியாது. மூன்றாம் நாள் பழுப்பாகக் கிளம்பும். இன்று மலைப் பண்ணைகளில் பறிப்பவர்களில் பலர் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். பழம் கீழே போய் என்ன ஆனது என்பதை அவர்கள் பார்ப்பதே இல்லை. கூலியை எடையிலிருந்து நல்ல பெட்டிக்கு மாற்ற வேண்டும். அதோடு தினமும் ஒவ்வொருவர் பறித்ததிலும் ஒரு பெட்டியைத் தேதி எழுதிக் குளிர் அறையில் ஒதுக்கி வைத்து, ஐந்தாம் நாள் அதைப் பறித்தவரையே கூப்பிட்டுத் திறக்கச் சொல்ல வேண்டும்.